தேவதை மூவர்ஸ்

நாரே தேடுதளத்தின் விளம்பர ஏஜென்சிக்கு மா பியோங்-சிக் தர வேண்டிய பாக்கி பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரத்து அறுநூறு வொன். ஒரு லாரியும் இரண்டு ஆட்களும் வைத்துக்கொண்டு கொரியாவின் புச்சொன் நகரில் வீடு மாற்றிக் கொடுக்கிறவனுக்கு அது முதுகை ஒடிக்கிற தொகை.

இவ்வளவு ஏறியதற்குக் காரணம் தேவதை மூவர்ஸ் என்ற இன்னொரு வீடு மாற்றும் கடை. நாரேயில் யார் வீடு மாற்ற ஆள் தேடினாலும் பியோங்-சிக்கின் கடைதான் முதலில் வரும். ஒருவர் விளம்பரத்தை அழுத்தினால் இத்தனை வொன் என்று ஏலம் கேட்டு வாங்கிய இடம் அது. மார்ச்சில் நாரே தன் பரம எதிரியான மிரு தேடுதளத்தை விழுங்கியது. இரண்டு தளங்களின் ஏலமும் ஒன்றாகக் கலந்த மறுநாள் காலை, அவன் தலைமேல் தேவதை மூவர்ஸ் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவன் நூறு வொன் ஏற்றினான். தேவதை அதற்கும் மேல் பத்து வொன் ஏற்றியது. மறுபடி ஏற்றினான். லாரி ஓட்டும்போதும் விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது.

எதிராளியின் விளம்பரத்தை அழுத்திப் பணத்தைக் கரைப்பது தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து திரும்பத் திரும்ப அழுத்தினால் நாரேக்காரர்கள் கண்டுபிடித்துக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். அதனால் போகிற வீட்டிலெல்லாம் கம்ப்யூட்டரைப் பெட்டியில் வைக்கும்முன் ஓர் அழுத்து அழுத்தினான்.

"அண்ணே, பீரோ வாசல்ல நிக்குது. அங்க என்ன நோண்டிட்டிருக்கீங்க?" என்பான் கூலியாள் போக்-மான்.

"தேவதை றெக்கையில ஒண்ணு புடுங்கினேன்டா. வந்துட்டேன்."

ஏப்ரல் நடுவில் ஏஜென்சி மேனேஜர் பியோன் நேரில் கடைக்கு வந்தார். பியோங்-சிக்கின் மனைவி தோ-சுன் பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் மேசையில் இரண்டு பில்களை விரித்தார்.

"முதலாளி, இது உங்க பாக்கி. இது தேவதை மூவர்ஸ் பாக்கி, பதினொரு லட்சத்து இருபதாயிரம்."

"அவன் பாக்கியை எதுக்கு எங்கிட்ட காட்டறீங்க?"

"விலாசத்தைப் பாருங்க. இதே கடைதான். பேரு உங்க வீட்டம்மா பேரு."

தோ-சுன் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"மிருவுல முதல் மாசம் இலவசம்னு ஒரு தம்பி வந்தான்ங்க. நம்ம கடைக்கே இன்னொரு பேர் வச்சு ஒரு விளம்பரம் போட்டேன். நீங்க குதிப்பீங்கன்னு சொல்லல. அவன்தான் எப்பவும் முதல்ல வர்ற மாதிரி ஏதோ முடுக்கி விட்டுட்டுப் போனான்."

"அதை நிறுத்தத் தெரியாதா?"

"கேக்கலாம்னா ரெண்டு கம்பெனியும் ஒண்ணானதும் அவனுக்கு வேலை போயிருச்சு. போனே எடுக்கல. நீங்க வேற தினமும் தேவதையை வெட்டுறேன் குத்துறேன்னு கத்தினீங்க. எந்த வாயால சொல்றது?"

"ஆக, எங்கூட நானே ஏலம் கேட்டு, என் பணத்தை நானே ஊர் ஊராப் போய் அழுத்திக் கரைச்சிருக்கேன்!"

பியோன் சிரிப்பை அடக்கத் தேநீரைக் குடித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு விளம்பரங்களையும் அன்றே எடுத்துவிட்டார். அதோடு போன் ஊமையாகிவிட்டது. லாரித் தவணை நெருங்கியது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் லாரி கைவிட்டுப் போய்விடும். பியோங்-சிக் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பான். லைன் நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை பியோனே கூப்பிட்டார்.

"முதலாளி, சனிக்கிழமை வண்டி இருக்கா? மிரு கிளை ஆபீஸை எங்க கட்டடத்துக்கு மாத்தணும். சியோல் தலைமை ஆபீஸ்ல தேதி வச்சுட்டாங்க."

"சனிக்கிழமையா! அது கெட்ட ஆவி எதுவும் நடமாடாத நாளாச்சே. ஊரே வீடு மாத்துது. வண்டிக்கு ஆறு வாரம் முன்னாடியே சொல்லணும்."

"அது தெரியாமத்தான் வச்சுட்டாங்க. முப்பது பேர்கிட்ட கேட்டுட்டேன்."

"விளம்பரத்தை நீங்க புடுங்காம இருந்திருந்தா என் வண்டியும் போயிருக்கும். இப்ப சும்மா நிக்குது. மூணு நடை அடிக்கணும். ரெண்டு பாக்கியும் தள்ளுபடி."

"ஒண்ணு தர்றேன்."

"அப்ப அந்த ஆவிங்களையே கூப்பிட்டு மேசை தூக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "சரி, ரெண்டும்."

சனிக்கிழமை, வேலை போனவர்களின் ஆளில்லாத நாற்காலிகளாகவே இறக்கினார்கள். அவற்றில் பாதி நாரேயின் கிடங்குக்குத்தான் போயின. ஒரு மேசை இழுப்பறையில் யாரோ விட்டுப்போன செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. என்ன செய்வது என்று கேட்டதற்கு அப்படியே குப்பையில் போடச் சொன்னார்கள்.

கடைசி நடை முடிந்து, இடம் மாற்றும் நாளில் வழக்கமாகச் சாப்பிடும் கறுப்பு நூடுல்ஸைப் போக்-மான் கிளறிக்கொண்டிருந்தபோது, பியோன் லாரியின் பின்கதவில் பில்களை வைத்து, தேவதையின் மேல் ஒன்றும் பியோங்-சிக்கின் மேல் ஒன்றுமாக முத்திரை குத்தினார். பாக்கி தீர்ந்தது.