முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அம்மாவின் மேசையில் இருந்த பெட்டியில், 312 என்று எண்ணிட்ட அட்டைகளை அவள் மூன்றாவது முறையாக எண்ணினாள். பத்துதான்.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மயானத்துக்கு வண்டி நான்கு மணிக்கு வரும். பதிப்பகத்துக்காரர் அதற்கு முன்பே வந்துவிட்டார். நாட்டின் வரலாறு, எழுநூறு பக்கம். அதன் முடிவில் வரும் பெயரடைவைத் தயாரித்ததுதான் அம்மாவின் கடைசி வேலை. ஒரு பெயருக்கு ஓர் அட்டை, கீழே பக்க எண். மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும்.

"தப்பா நினைக்காதம்மா. இந்தப் பத்துப் பேரும் அந்தப் பக்கத்துலயே இல்ல. எடுத்துடலாமா?"

அவள் பக்கத்தைக் காட்டினாள். அடிக்குறிப்பில் ஒரே வரி: ஆலைத் துப்பாக்கிச்சூட்டில் பதினொரு தொழிலாளர்கள் இறந்தனர்.

"அவங்க யாருன்னு தேடுறவங்க வேற எங்க போவாங்க?"

"புத்தகத்துல இல்லாததை அடைவுல எப்படிம்மா..."

"அப்போ மொத்தப் பெட்டியும் இங்கயே இருக்கட்டும்." அவள் கையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

அவர் அந்த அடிக்குறிப்பை மறுபடி படித்தார். "சரி, போடுவோம். பதினொண்ணாவது ஆள் எங்க?"

அவள் வாசற்படியில் நின்ற மாமாவைப் பார்த்தாள். பதினொன்றாவது ஆள் தாத்தா. அவர் காய்ச்சலில் போனார் என்றுதான் மாமா அரசு வேலைக்கு மனுப் போட்டபோது எழுதியிருந்தார். அதன்பின் வீட்டிலும் அதுவே பேச்சானது. தன் தம்பி சம்மதிக்காமல் அந்த அட்டையை அம்மா எழுதவில்லை.

"போன வாரம்கூட ஆஸ்பத்திரியில அக்கா கேட்டா," என்றார் மாமா. "மாட்டேன்னுட்டேன்."

"நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, மாமா. இனிமே உங்கள எந்த வேலைய விட்டுத் தூக்குவாங்க?"

"அப்படியே உங்கம்மா வாய்."

அவள் அம்மாவின் பேனாவைத் திறந்து, வெற்று அட்டை ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"இனிஷியல் முன்னாடி போடு," என்றார் மாமா. "அப்பா அப்படித்தான் கையெழுத்துப் போடுவாரு."

அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவள் எழுதினாள். கீழே 312.

அந்தப் பதினொரு பெயரில் அகர வரிசைப்படி அது ஆறாவதாக வந்தது. பதிப்பகத்துக்காரர் பெட்டியில் மற்ற அட்டைகளை விரலால் விலக்கிப் பிடிக்க, மாமாவே அதைச் செருகினார்.

வெளியே வண்டி வந்து நின்றது. பதிப்பகத்துக்காரர் பெட்டியை மூடப் போனார்.

"இருங்க," என்றார் மாமா. "மை காயட்டும்."