கண்டாங்கி கட்டிய தேவதை

படத்தின் கதை இவ்வளவுதான். ஒரு ஜோடியைச் சேர்த்துவைக்க வானத்திலிருந்து வருகிற தேவதை, வந்த வேலையை மறந்து அந்தப் பையனையே காதலித்துவிடுகிறாள். கதாநாயகிக்கு உயரம் என்றால் பயம். பறக்கிற காட்சிக்கெல்லாம் அவளுக்குப் பதிலாக மீனம்மாள்தான் கயிற்றில் தொங்கினாள். கயிறு பிடித்தவன் நான், சேலத்துச் செம்மலை.

காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் படப்பிடிப்பு. கடைசி நாள். சாயங்காலம் வேன் மெட்ராஸ் போய்விடும், கம்பெனி கலைந்துவிடும். அதற்குள் மீனம்மாளிடம், என்னைக் கட்டிக்கொள்வீர்களா என்று கேட்டாக வேண்டும். தினமும் கேட்கத்தான் வருவேன். தேவதை உடுப்பைக் கழற்றிவிட்டு, புருஷனை இழந்தவள் கட்டும் வெள்ளைச் சேலையில் வந்து உட்காருவாள். கேட்காமலே எழுந்து போய்விடுவேன்.

அதுவரை மாடியிலேயே எடுத்தார்கள். அன்றைக்கு அவளை முற்றத்தில் இறக்க வேண்டும். பாதி இறக்கியிருப்பேன், வீட்டுக்கார ஆச்சி வந்துவிட்டார்.

"நிறுத்துங்க. மக கல்யாணம் முடிஞ்சு மாசம் திரும்பல. வெள்ளைச் சீலையோட ஒருத்திய எறக்குறீகளே."

"தேவதைன்னா வெள்ளைதானே ஆச்சி," என்றார் டைரக்டர்.

"அது உங்க ஊருத் தேவதை."

உள்ளே போய் ஒரு சிவப்புக் கண்டாங்கிச் சேலையை எடுத்து வந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு கறுப்பாக விழுமே என்று காமிராக்காரர் முனகினார்.

"விழட்டும்யா. வெயில் போகுது," என்றார் டைரக்டர்.

மீனம்மாள் அந்தரத்தில் தொங்கியபடியே சொன்னாள்: "நான் தாலி அறுத்தவ ஆச்சி. அதைக் கட்டக் கூடாது."

நான் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன். ஆச்சி அவளை இறக்கையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"தேவதைக்கு ஏது புருசன், சாகுறதுக்கு? மேல போயி கட்டிக்கிட்டு வா."

சிரிக்காமல்தான் சொன்னார்.

சிவப்புச் சேலையில் அவளைத் திரும்பத் திரும்ப இறக்கி எடுத்தார்கள். என் தோள் விட்டுப்போயிற்று. முடிந்ததும் சேலையைத் தருகிறேன் என்று போனவளுக்கு ஆச்சி வெற்றிலை பாக்கைக் கொடுத்தார்.

"கல்யாண வீட்டுல குடுத்த சீலையத் திருப்பி வாங்குறதில்ல."

வேனில் அந்தச் சிவப்போடுதான் ஏறினாள். இறக்கைகளை எங்களுக்கு நடுவே வைத்தாள்.

"சேலை மாத்தலையா?"

"அலுப்பா இருக்கு. யாரு மாத்துறது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் அலுப்பாத்தான் இருக்கும்."

அப்போதுதான் கேட்டேன். இறக்கைகளை எடுத்துக் காலடியில் போட்டுவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்தத் தோளு வலிக்குது ஒங்களுக்கு?"

"வலது."

"அப்ப இங்குட்டு வந்து உக்காருங்க. எனக்குச் சாயணும்."