ஒண்ணுக்கும் ஆகாத லென்ஸ்

முரளிக்குத் தொழில் மிளகு வாங்குவது, பைத்தியம் பழைய லென்ஸ். சேந்தமங்கலத்தில் வீடு. வாரத்தில் மூன்று நாள் எழுபது கொண்டை ஊசி வளைவும் பைக்கில் ஏறி வளப்பூர் நாட்டுக்கு வந்துவிடுவான்; மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள். வாசலில் காயும் மிளகை ஒரு கை அள்ளுவான், இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பான், உடனே முகத்தைச் சுளிப்பான். "ஈரம் போகலைங்க்கா. மண்ணு வேற கெடக்குது." மிளகு எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் இதேதான். குறை சொல்லாமல் ஒரு பொருளை வாங்க அவனுக்கு வாய் வராது. பதினைந்து வருஷப் பழக்கம் அது.

வீட்டில் கண்ணாடி அலமாரி ஒன்றில் பதினேழு லென்ஸ் வைத்திருந்தான். எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற பழைய வகைக் கேமராவுக்கானவை. அறுபது வருஷம், எண்பது வருஷம் பழசு. பூசணம் பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு சின்ன பல்பு ராத்திரி பகலாக எரியும். "சாமி ரூம்ல எரியறதில்ல, இதுங்களுக்கு எரியுது" என்று மனைவி சுமித்ரா புலம்புவாள். அவன் காதில் வாங்கியதே இல்லை. வாட்ஸ்அப்பில் அவனைப் போன்ற இருநூறு பைத்தியங்கள் சேர்ந்த குழு இருந்தது. அங்கே யாராவது புதிதாக ஒரு லென்சைக் காட்டினால் அன்றைக்கு முரளிக்குச் சோறு இறங்காது.

அந்தக் குழுவையே வாயடைக்க வைத்த லென்ஸ் அவனுக்குக் கிடைத்தது ராமாயியின் தகரப் பெட்டியிலிருந்து.

ராமாயி வளப்பூர் நாட்டில் ஒன்றரை ஏக்கர் மிளகுக் காடு வைத்திருப்பவள். புருஷன் குப்புசாமி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் வேல்முருகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். குப்புசாமி வாலிபத்தில், செடிகொடி ஆராய வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு இரண்டு வருஷம் கேமராப் பை சுமந்தவர். போகும்போது அந்த ஆள் ஒரு லென்சை நினைவாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். போன வருஷம் தை மாதம், மிளகு எடை போட்டு முடிந்ததும் ராமாயி அதைக் கொண்டுவந்து காட்டினாள்.

பார்த்ததுமே முரளிக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஜெர்மன்காரன் செய்த எல்மார் லென்ஸ். ஐம்பது மில்லிமீட்டர். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் பாழாய்ப்போன வாய் இருக்கிறதே, அது பழக்கத்தில் போய்விட்டது.

"இதப் பாரு சாமி, எங்கூட்டுக்காரரு இத இப்படிப் புடிச்சு..." என்று அவள் ஏதோ சொல்ல வந்தாள்.

"பூசணம் புடிச்சிருக்குதுங்க்கா," என்றான் முரளி. "உள்ளார பூராப் போயிருச்சு. இது ஒண்ணுக்கும் ஆகாதுங்க."

அவள் முகம் வாடியது. "அப்படியா கண்ணு? சும்மா கெடக்கறதுக்கு நீயே எடுத்துட்டுப் போ. உன்ற புள்ள வெச்சு வெளையாடட்டும்." கூடவே ஒரு பலாப்பழத்தையும் பைக்கில் கட்டிவிட்டாள். முரளி இரண்டையும் வாங்கிக்கொண்டு மலை இறங்கினான். வெட்கப்பட்டானா என்றால், இல்லை. வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டுதான் போனான்.

இந்த வருஷம் ஆடியில் ராமாயிக்கு வம்பு வந்தது. அவள் காட்டை ஒட்டிய காடு அப்பாசாமியுடையது. அவர் காலமானதும் பிள்ளைகள் அதை ஒரு வெளியூர் ஆளுக்கு விற்றுவிட்டார்கள். அந்த ஆள் சுற்றுலாக்காரர்கள் தங்க அறைகள் கட்டப்போகிறாராம். இரண்டு காட்டுக்கும் சேர்த்து ஒரே கூட்டுப் பட்டா, இன்னும் பிரித்து அளக்கவில்லை. பெரியவர்கள் காலத்தில் நட்ட ஒரு எல்லைக்கல்தான் கணக்கு. கல்லுக்கு இந்தப் பக்கம் மிளகுக் கொடி ஏறிய ஒன்பது சில்வர் ஓக், இரண்டு பலா. ராமாயியின் சாப்பாடே அந்தப் பதினோரு மரத்தில்தான் இருந்தது. அடுத்த வாரம் ஜேசிபி வருகிறது என்று கேள்விப்பட்டதும், அதற்குள் கல்லைப் படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று முரளியைக் கூப்பிட்டாள். போட்டோப் பிடிப்பவன் என்று அவளுக்குத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

வேல்முருகன் திருப்பூரிலிருந்து போனில் சொன்னான்: "அண்ணா, போன்லயே நாலு படம் எடுத்து எனக்கு அனுப்பிருங்க."

"போன் படத்த யாரு வேணாலும் மாத்துவாங்க தம்பி, ஆபீஸ்ல அதெல்லாம் செல்லாது," என்றான் முரளி. "பிலிம்ல எடுத்தா நெகட்டிவ் நிக்கும். எவனும் கை வெக்க முடியாது."

பேச்சு என்னவோ கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மையான காரணம் வேறு. ஒரு ஏழைப் பெண்ணின் காட்டை எல்மார் காப்பாற்றியது என்று குழுவில் எழுத அவனுக்கு ஆசை. மனதுக்குள் முதல் வரியைக்கூட எழுதி வைத்திருந்தான்.

அந்த லென்சில் ஒரு விஷயம் உண்டு. குழாயை உள்ளே தள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். படம் எடுக்கும்போது வெளியே இழுத்து, ஒரு முறுக்கு முறுக்கிப் பூட்ட வேண்டும். மறந்தால் படம் விழாது. மறந்தது கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. ஏனென்றால் இந்தக் கேமராவில் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. மேலே தனியாக ஒரு சின்ன ஜன்னல். அதில் எல்லாமே எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும்.

அன்று மலையில் தூறல். வழியில் மூடுபனி அழகாக இருக்கிறது என்று முரளி நின்று பதினோரு படம் எடுத்தான். தனக்காக. பிறகு மழை வலுக்கவே குழாயை உள்ளே தள்ளிக் கேமராவைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனான். ராமாயி கல்லின் பாசியைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கல்லின் மேல் ஒரு கை வைத்து, மறு கையால் மரத்தைக் காட்டி நின்றாள்.

"கல்லும் பலாமரமும் படத்துல ஒண்ணா உழுகோணும் சாமி."

"உழுகும்ங்க்கா. அசையாம நில்லுங்க."

வழக்கமாக அவன் போட்டுச் சுற்றுவது ஒரு ரஷ்ய லென்ஸ். அதை இழுக்கவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம். கை அந்தப் பழக்கத்திலேயே போயிற்று. ஜன்னலில் கண் வைத்தான். இரண்டாகத் தெரிந்த கல் லென்சைத் திருகத் திருக ஒன்றானது; ஒன்றானால் ஃபோகஸ் சரி என்று கணக்கு. இருபத்தைந்து படம், ரோல் தீரும்வரை எடுத்தான். முன்னே போய், பின்னே போய், குனிந்து, மண்டியிட்டு எடுத்தான். அத்தனை நேரமும் போன் அவன் சட்டைப்பையில் சும்மா கிடந்தது.

ரோலைக் கழுவ வெளியூருக்குக் கூரியரில் அனுப்பினான். ஐந்தாம் நாள் ஜேசிபி வந்தது. ஒரு காலை வேளையில் கல் போயிற்று, பலாமரத்துக்கு இந்தப் பக்கம் கம்பிவேலி வந்து பதினோரு மரமும் வேலிக்கு அந்தப் பக்கம் போயின. ராமாயி அழவில்லை. "படம் இருக்குதில்ல," என்றாள் ஊரில் எல்லோரிடமும். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தாள். புதன்கிழமை விசாரணை என்றார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நெகட்டிவ் வந்தது. முரளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். முதல் பதினோரு படமும் அருமை. பனியில் நின்ற ஒவ்வொரு இலையையும் எண்ணலாம். பன்னிரண்டாவதிலிருந்து கடைசிவரை வெறும் சாம்பல் கரைசல். நடுவில் ஒரு திட்டு. அது கல்லா, ராமாயியா, மாடா, ஒன்றும் சொல்ல முடியாது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"என்னாச்சுங்க?" என்றாள் சுமித்ரா.

"ஒண்ணுமில்ல," என்றான்.

புதன்கிழமை பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு போனான். போகாமல் இருந்திருக்கலாம், அந்தத் தைரியமும் இல்லை. விசாரித்த அதிகாரி படத்தை நேராகப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இதுல கல்லு எதுங்க?" என்று பொறுமையாகத்தான் கேட்டார். வேலி போட்ட ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ராமாயிக்காக நாலு பேர் சாட்சி சொன்னார்கள், அந்த ஆளுக்காகவும் நாலு பேர் சொன்னார்கள். இப்போதைக்கு வேலி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று முடிந்தது. கோர்ட்டுக்குப் போகிற ஆளா ராமாயி?

ஆபீசுக்குப் பக்கத்தில், செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முரளி பக்கத்தில் போய் நின்றான். நிற்கவே கூசியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான்.

"லென்ஸ் பழசுங்க்கா. அதான் இப்படி ஆயிருச்சு."

"எந்த லென்சு? எங்கூட்டுதா?"

"ஆமாங்க்கா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அது ஒண்ணுக்கும் ஆகாதுன்னு நீதான சாமி சொன்ன?"

முரளி மாட்டிக்கொண்டான். லென்ஸ் நல்லது என்றால் அன்றைக்கு ஏமாற்றியவன். கெட்டது என்றால் தெரிந்தே கொண்டுவந்து குடியைக் கெடுத்தவன். இரண்டில் எது லேசு என்று அந்த நேரத்திலும் அவன் புத்தி எடை போட்டது.

"ஆமாங்க்கா. பூசணந்தானுங்க," என்றான்.

ராமாயி பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "அதக் குடு. ஆகாததா இருந்தாலும் அவரு பொருளு. ஊட்டுல கெடக்கட்டும்."

ஒன்றுக்கும் ஆகாத பொருளை எந்த வாயால் தரமாட்டேன் என்பது? தோளில் தொங்கிய கேமராவிலிருந்து கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். அவனுக்கு வயிறு எரிந்தது. காட்டுக்காக எரிந்ததைவிட இதற்காக அதிகம் எரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வளப்பூர் பஸ் வந்து திரும்பி நின்றது. எழுந்தவள், லென்சைப் பையில் போடுவதற்கு முன்னால் முந்தானையில் ஒருமுறை துடைத்தாள். அப்புறம் பார்க்காமலே, பாட்டில் மூடியைத் திறக்கிற மாதிரி, குழாயை வெளியே இழுத்து ஒரு முறுக்கு முறுக்கினாள். அது டக்கென்று பூட்டிக்கொண்டது.

"இத இழுத்து முறுக்குனாத்தான் படம் உழுகும்னு அவரு சொல்லுவாரு," என்றாள். "அன்னைக்கே சொல்ல வந்தேன், நீ கேக்கல. நீ முறுக்குனயா சாமி?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் பதிலுக்காகப் படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றாள்.