புதன்கிழமைத் தட்டல்

ஊரில் உள்ள கட்டடங்களுக்கெல்லாம் அடிவயிறு எப்படி இருக்கும் என்பது லைல் பிரான்ட்வோல்டுக்குத் தெரியும். பல் மருத்துவர், கார் கழுவும் கடை, பள்ளிக்கூடம், எங்கே போனாலும் வாசலில் கைகுலுக்கிவிட்டு நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடுவான். உள்ளே போன தண்ணீர் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு குடிக்கிற குழாய்க்குத் திரும்பாமல் தடுக்க அங்கே ஒரு பித்தளை வால்வு இருக்கும். அதை வருஷம் ஒருமுறை சோதிப்பதுதான் அவன் பிழைப்பு. இந்த வேலையைப் பற்றி விருந்துகளில் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவனும் பேசுவதை விட்டுவிட்டான்.

ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை மத்தியானம் நைகார்டு ஈமச்சடங்கு இல்லத்தின் பின்கதவைத் தட்டினான். கீழ்த்தளத்தில் உடலைக் கழுவி, கெடாமல் இருக்க மருந்தேற்றும் அறை, அதற்கு மேல் ஜபக்கூடம், மாடியில் வீடு. நடத்திவந்த மெர்ல் வசந்த காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது உடல்களுக்கு மருந்தேற்றப் பக்கத்து ஊர் ஆள் வருகிறான். மற்றதெல்லாம் மெர்லின் மனைவி ஆர்டிஸ் தலையில்.

"வா லைல். இளைச்சுப் போய்ட்ட. ஒழுங்கா சாப்பிடுறியா, இல்ல டப்பாவைத் திறந்து நின்னுக்கிட்டே முழுங்குறியா?"

"உக்காந்துதான் முழுங்குறேன். தண்ணிய கொஞ்ச நேரம் நிறுத்தப்போறேன், குழாயத் திறந்துடாதீங்க."

அவள் போகவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. மெர்ல் கீழ இருந்து தட்டுறாரு."

லைல் சிரிக்கவில்லை. மெர்ல் தட்டுவார் என்பது ஊருக்கே தெரியும். சாவு வீட்டில் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது என்று அந்த மனிதருக்கு ஒரு பிடிவாதம். வேலை முடிந்ததும் ஸ்பானரால் குழாயில் தட்டுவார். மாடியில் ஆர்டிஸ் காபிக்குத் தண்ணீர் வைப்பாள். அத்தனை வருஷக் குடித்தனமும் அந்தக் குழாய் வழியாகவே நடந்தது.

"புதன்கிழமை சாயங்காலம் வருவாரு. தட்டுறது கேட்டதும் காபி போடுவேன். குழாயத் திறந்தா அவரு வாசனை வரும் லைல். அந்த மருந்து வாசனை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் தலகாணில இருந்த வாசனை அது."

லைல் பயந்தான். பேய்க்கு அல்ல. அந்த வாசனை எந்தக் குழாயிலும் வரக் கூடாது.

அதற்கு முன்னால் இன்னொன்றும் மனதுக்குள் குத்தியது. பொறாமை. போன அக்டோபரில் அவன் மனைவி கொரினை இங்கிருந்துதான் கல்லறைக்கு எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு கனவில்கூட அவள் வரவில்லை. வீட்டில் ஒரு கதவு தானாக ஆடியதில்லை. செத்தவர்கள் இந்த வீட்டுக்கு வருகிறார்கள், என் வீட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லையா என்று கோபம் வந்தது.

கீழே இறங்கி வால்வைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அதன் அடியில் ஒரு வடிகால் வாய் உண்டு. உள்ளே இருக்கும் கதவுகள் பழுதானால் தண்ணீர் அந்த வாய் வழியாகத் தரையில் கொட்டும், கொட்டுவதுதான் எச்சரிக்கை. அந்த வாயில் யாரோ ஒரு மர ஆப்பை இறுக அடித்து, வெள்ளைத் துணியால் சுற்றி, முடிச்சைக்கூட அழகாகப் போட்டிருந்தார்கள். அந்த முடிச்சு மெர்லுடையது. சவப்பெட்டியின் மலர் வளையத்துக்கு அவர் போடுகிற அதே முடிச்சு.

அளவுமானியை மாட்டினான். முள் எழுந்திருக்கவே இல்லை, உள்ளே கதவுகள் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. உடலைக் கிடத்தும் மேசையைக் கழுவுகிற ரப்பர் குழாயின் நுனி, பக்கத்து ஊர் ஆள் விட்டுப்போன மருந்து வாளிக்குள் மூழ்கிக் கிடந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தீயணைப்புத் தொண்டர்கள் பயிற்சிக்கு வருவார்கள். இந்த வீட்டு முனையில்தான் வண்டிக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். அப்போது தெருக்குழாயில் அழுத்தம் விழும், வீட்டுத் தண்ணீர் பின்னால் இழுபடும், பழுதான கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். மேசையில் இருப்பதும் வாளியில் இருப்பதும் கூடவே ஏறி வரும். மாடியில் ஆர்டிஸ் குழாயைத் திறந்து காபி போடுவாள்.

சொல்லாமலே சரிசெய்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தான். வால்வுக் கதவுக்குப் போடும் புது ரப்பர் தன் வண்டியில் இருக்கிறது. ஆனால் குடித்தவளுக்கு என்ன குடித்தோம் என்று தெரிய வேண்டாமா? டாக்டரிடம் போக வேண்டாமா? மேலே போய் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். மேசை என்ற சொல்லைத் தவிர்க்கப் பார்த்தான், முடியவில்லை.

ஆர்டிஸ் அழவில்லை. உதட்டைப் புறங்கையால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"அந்த ஆப்பு... ஜபக்கூடத்துல பாதிரியார் பேசும்போது கீழ சொட்டு சொட்டுனு கேக்கும்னு அடிச்சாரு. துக்கத்துக்கு வந்தவங்க காதுல விழுந்தா அசிங்கம்னாரு."

"எப்ப அடிச்சாரு?"

அவள் குழாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆர்டிஸ், எப்ப இருந்து கெட்டுப்போச்சுன்னு நகராட்சிக்குச் சொல்லணும். இங்க துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் உங்க காபியக் குடிச்சிருக்காங்க. எப்ப இருந்து தட்டுது? மெர்ல் போனதுக்கு அப்புறமா?"

"அப்படித்தான் நான் வச்சுக்கிட்டேன்," என்றாள். "ஆனா அது பொய். முதல் தடவை கேட்டப்ப மெர்ல் இந்த நாற்காலில என் எதிர்ல உக்காந்து சூப் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. கீழ இருந்து தட்டுச்சு. அவரு கரண்டிய கீழ வச்சிட்டாரு. முகம் வெளுத்துப்போச்சு. 'நான் இங்க இருக்கேனே, அங்க யாரு?'ன்னாரு."

"அங்க யாரு இருந்தா?"

கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆர்டிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கொரின்தான் இருந்தா லைல். மறுநாள் காலைலதான் அடக்க ஜெபம். சொட்டுறத நிறுத்தணும்னு அவரு அன்னிக்கு ராத்திரியே ஆப்பு அடிச்சாரு. ஜெபம் முடிஞ்சு நீ மூணாவது கப் காபி கேட்டு வாங்கிக் குடிச்ச. நான்தான் ஊத்துனேன்."

லைல் எழுந்து படியிறங்கினான். ரப்பர் குழாயை வாளியிலிருந்து எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினான். வாளியை மூடித் தள்ளி வைத்தான். மாடிக்குப் போகும் தண்ணீரை அடைத்து, அடைப்பானின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இனி யாரும் ஒரு சொட்டுக் குடிக்க முடியாது. அடுத்தது வால்வின் மூடியைத் திறந்து ரப்பரை மாற்ற வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை.

ஸ்பானரை மூடியில் வைத்தான். கை திருப்பவில்லை. கிழிந்த ரப்பர், விழுந்த அழுத்தம், அடித்துக்கொள்ளும் கதவு: அந்தத் தட்டல் அவ்வளவுதான் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் இல்லை.

ஆர்டிஸ் பின்னாலேயே வந்து படியில் நின்றாள். "மாத்திடு லைல். எனக்காகப் பாக்காத. நான் இருந்துக்குவேன்."

"தீயணைப்பு வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

"ஆறு, ஆறேகால்."

லைல் ஸ்பானரைத் தரையில் வைத்தான். மேசைக்கும் வால்வுக்கும் நடுவில், அந்தக் குளிர்ந்த சிமெண்டிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"அதுக்கு அப்புறம் மாத்துறேன்," என்றான்.