கல் இருந்த சரிவு

பக்கத்து வீட்டு ஸாவென் லாரியை வேலியோரம் நிறுத்திவிட்டு இறங்கியபோது, வர்துஷ் பாலாடைக்கட்டிகளை உப்புநீர்ச் சாடியில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கையைத் துடைச்சிட்டு வா. உனக்கு ஒரு படம் வந்திருக்கு."

"எனக்கு எந்தக் கிழவன்டா படம் அனுப்புறான்?"

"கிழவன் இல்ல, கிழவி. உன் வீட்டுப் பழைய சொந்தக்காரி சுலைகா. ஜார்ஜியாவுல ஒரே டீக்கடையில உக்கார்ற பழக்கம், எல்லைக்கு அந்தப் பக்கத்து டிரைவர் ஒருத்தன். உன் பழைய ஊர்ல இருக்கறவன். அவன் குடுத்தான்."

அவன் நீட்டிய கைபேசியில் அவள் அம்மா இருந்தாள். கறுப்புக் கல்லறைக் கல்லில் செதுக்கிய அதே முகம், அதே தலைத்துணி. சுற்றிலும் ஒரு புல் இல்லை. கல்லின் காலடியில் இரண்டு சிவப்பு முட்டைகளும், புகை எழும்பும் ஒரு மண்கிண்ணமும். ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. சுருங்கிப்போன, யாருடையது என்று கேட்கத் தேவையில்லாத கை.

"ஈஸ்டருக்கு மறுநாள் எடுத்ததாம். நம்ம கல்லறை நாள் எதுன்னு வருஷா வருஷம் அந்த டிரைவர்கிட்ட விசாரிச்சுக்குமாம். சாம்பிராணி கிடைக்கலையாம், கண்ணேறு கழிக்கிற விதையைப் போட்டுப் புகைச்சிருக்கு. தப்பா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னுச்சு."

வர்துஷ் உப்புக் கையோடு அப்படியே நின்றாள்.

சோவியத் ஆட்சி ஆட்டம் கண்ட அந்தக் குளிர்காலத்தில், எல்லைக்கு அந்தப்பக்கம் கிறிஸ்தவர்களான அவர்கள் இருந்த ஊரும், இந்தப்பக்கம் முஸ்லிம்கள் இருந்த இந்த ஊரும் ஊரோடு ஊர் மாற்றிக்கொண்டன. மற்ற இடங்களில் வீடுகள் எரிந்துகொண்டிருந்தபோது இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். உங்கள் கல்லறைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்கள் கல்லறைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வர்துஷுக்கு வாய்த்தது சுலைகாவின் வீடு. சாவியைக் கொடுத்த கையோடு சுலைகா அவளைப் பின்பக்கச் சரிவுக்கு இழுத்துப்போய் ஒரு தட்டைக் கல்லைக் காட்டினாள். பெயர் இல்லை, கீறிய ஒரு பூ மட்டும். ஓடையில் விழுந்து இறந்த மகன். இடுகாட்டில் தனியாக விட மனம் வராமல், சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற இடத்தில் புதைத்திருந்தாள். "வசந்தத்துக்கு முந்தின கடைசிச் செவ்வாய்க்கிழமை ஒரு மெழுகுவர்த்தி. அவ்வளவுதான்" என்றாள்.

அந்த மெழுகுவர்த்தியை வர்துஷ் தவறவிட்டதே இல்லை. அந்தப்பக்கத்தோடு நடந்த கடைசிப் போரில் தங்கை மகன் சவப்பெட்டியில் வரும்வரை.

அடுத்த வசந்தத்தில் அவள் சரிவுக்குப் போகவில்லை. அதே ஆண்டு அவள் கணவன் அர்ஷாக் தொழுவத்துக்கு வாசற்படி தேடி அலைந்தான். அந்தக் கல்லை அவன் பெயர்த்து உருட்டி வந்ததை அவள் இதே சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவன் போட்டுவிட்டு வந்திருப்பான். அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

"இன்னொண்ணும் சொல்லுச்சுக்கா" என்றான் ஸாவென். "காலு போச்சாம், இனிமே வர வாய்ப்பில்லையாம். பையன் இருக்கிற இடத்தை ஒருதடவை பாக்கணுமாம். ஞாயித்துக்கிழமை கிளம்புறேன். ஒரு படம் எடுத்துக்குறேன்."

அன்று மாலை அர்ஷாக் தட்டில் இருந்த ரொட்டியைத் தொடவில்லை.

"படியைப் பெயர்த்துடறேன். அரைமணி நேர வேலை. திரும்ப நட்டு வச்சா யாருக்குத் தெரியும்?"

"எங்க நடுவ?"

"அங்கதான்."

"அங்கன்னா எங்க? நானும் போய்ப் பாத்துட்டேன். இடுப்பளவு புல்லு. மேடும் தெரியல, பள்ளமும் தெரியல. எடுத்தவன் நீதானே, சொல்லு."

அர்ஷாக் தாடையைச் சொறிந்தான். "ஓடைப்பக்கமா... இல்ல, கொஞ்சம் மேல. அப்போ நான் குடிச்சிருந்தேன் வர்துஷ்."

"நான் குடிக்கலையே."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "ஒரு குத்துமதிப்பா வச்சுடலாம். கிழவி மனசு ஆறும்."

"வெறும் புல்லு மேல கல்லை நட்டு, இங்க பாத்து அழுன்னு அவகிட்ட சொல்லவா? அங்க அவ சாம்பிராணிக்குப் பதிலா விதையைப் போட்டதுக்கு மன்னிப்பு கேக்குறா."

விடிந்ததும் அவள் அரிவாளைத் தீட்டிக்கொண்டு வேலிப்பக்கமிருந்து ஆரம்பித்தாள். பையன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாததால் எங்கேயும் விட்டுவைக்க முடியவில்லை. வெயில் ஏறும்போது பின்னால் இன்னொரு அரிவாளின் சத்தம் கேட்டது. அர்ஷாக் ஓடைப்பக்கத்திலிருந்து மேலே வெட்டிக்கொண்டு வந்தான். காலடியில் மண் சற்று மெத்தென்று அமுங்கும்போதெல்லாம் அவள் நின்றாள். எல்லா இடத்திலும் அமுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஸாவென் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவு முழுக்க நடந்தான்.

"கல்லு எங்கக்கா?"

"மொத்தத்தையும் எடு."

"மொத்தமும் எடுத்தா அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? மொட்டைத் தலை மாதிரி இருக்கு."

"எடுடா."

எடுத்தான். லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவன் கிளப்பவில்லை.

"கேட்டா என்ன சொல்றது?"

"புல்லு வெட்டியிருக்குன்னு சொல்லு." அவள் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "கல்லைப் பத்திக் கேட்டா என் நம்பரைக் குடு."

லாரி திரும்பிப் போனது. பால் வாளியோடு வந்த அர்ஷாக், தொழுவ வாசலில் படியை மிதிக்காமல் காலை அகட்டித் தாண்டி உள்ளே போனான். வர்துஷ் கைபேசியைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு, திரையை விலக்கி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.