அந்த இலக்கத்தை வாசியுங்கோ

மூதூர்ப் படகில் ஒரு வழக்கம் உண்டு. திருகோணமலை இறங்குதுறையைப் படகு நெருங்கியதும் பெண்கள் தங்கள் பைகளை முன்னால் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் அடுத்தவரிடம், அடுத்தவர் மேலே படியில் நிற்பவரிடம். பைகள் கைக்குக் கை தாவிக் கரை ஏறும். பிறகு ஒரு கையால் உடுப்பைக் கூட்டிப் பிடித்து, மறு கையைப் படகோட்டியிடம் கொடுத்து, ஆடுகிற படகிலிருந்து படிக்கு ஒரு தாவல். மேலே போய் அவரவர் பையை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். எதுவும் குறைந்ததாகக் கதை இல்லை.

றிஷானாவும் அன்று காலை அப்படித்தான் கொடுத்தாள். சான்றிதழ்கள் இருந்த பை மேலே வந்து சேர்ந்தது. அதன் மேல் வைத்துக் கொடுத்த பச்சைப் பேர்ஸ் வரவில்லை.

படிக்கட்டில் தேடினாள். படகுக்குள் குனிந்து பார்த்தாள். "கடலுக்க விழுந்திருக்கும் புள்ள" என்றார் படகோட்டி. நல்ல மடிப்பு வைத்த நீலச் சட்டைக்காரர் ஒருவர், படகில் அவளுக்கு முன்னால் இருந்து பைகளை வாங்கிக் கொடுத்தவர், தானும் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

காசு போனால் போகட்டும். அந்தப் பேர்ஸுக்குள் அவளுடைய அடையாள அட்டை இருந்தது. இரண்டு மணிக்குத் துறைமுகத்துக்குள் இருக்கும் ஒரு சரக்குக் கம்பனியில் நேர்முகப் பரீட்சை. களஞ்சியக் காப்பாளர் வேலை. அசல் அடையாள அட்டை இல்லாமல் துறைமுக வாசலைத் தாண்ட முடியாது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை அந்தக் கம்பனி எடுப்பதில்லை. றிஷானாவுக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு. புருஷன் விட்டுப் போனதிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் ரிஷாத் நானாவின் வீட்டில் இருக்கிறாள். நானாவின் மனைவி மச்சி சோறு போடும்போது அகப்பை சட்டியில் மோதுகிற சத்தம் மற்றவர்களுக்கு வெறும் சத்தம். அவளுக்கு அது குத்திக்காட்டுகிற கதை.

இறங்குதுறை முகப்பில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் புஸ்பராணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்புவழிபுரத்துக்காரி. கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

"அழுறதெண்டா பிறகு அழலாம் பிள்ளை. பாங்க் கார்ட் உள்ளுக்கிருக்கோ?"

"ஓம் அக்கா."

"முதல் அதை நிப்பாட்டு. பிறகு பொலிஸுக்குப் போ."

றிஷானா அழவில்லை. வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்கினாள். புஸ்பராணி கொடுத்த காசில் ஓட்டோ பிடித்துப் பொலிஸுக்குப் போய் முறைப்பாடு எழுதினாள். எழுதிய பொலிஸ்காரர், "நீங்களாத்தான் கையில குடுத்தனீங்களோ?" என்று கேட்டு ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "ஓம். எல்லாரும் குடுக்கிற மாதிரித்தான்" என்றாள். முறைப்பாட்டுத் துண்டு கிடைத்தது. அதோடு துறைமுக வாசலுக்கு ஓடினாள். காவலாளி துண்டை மரியாதையாகப் படித்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கு உள்ளுக்கு விட ஏலாது. ஐடென்டிட்டி, இல்லாட்டிப் பாஸ்போட். அசல்."

பாஸ்போட் அவள் வாழ்க்கையில் எடுத்ததே இல்லை.

திரும்பவும் இறங்குதுறை. புஸ்பராணி கேட்காமலே ஒரு கோப்பை பிளேன்ரீயை முன்னால் வைத்தாள். ஒரு வாய் குடித்திருப்பாள், போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"பச்சைப் பேர்ஸ் ஒண்டு துலைச்சனீங்களோ?" ஆண் குரல். அவசரமில்லாத குரல்.

அடையாள அட்டைக்குப் பின்னால் தன் போன் இலக்கத்தை எழுதி வைத்திருந்தாள். அல்லாஹ் காப்பாற்றினான் என்று நினைத்தாள்.

"ஓம், ஓம். என்டதான். எங்க இருக்கிறீங்க, நான் வாறன்."

"அட்டையில உம்மெண்டு இருக்கிறீங்க. சிரிச்சா வடிவா இருக்கும் போல."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"பழைய ஐஸ் கட்டிடத்துக்குப் பின்பக்கம் வாங்க. தனிய வரவேணும். கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டு இருந்திட்டுத் தாறன். ஆருக்கும் சொன்னா அட்டை கடலுக்குள்ள. அவசரமில்லை, பிளேன்ரீயைக் குடிச்சு முடிச்சிட்டு வாங்க."

போன் துண்டித்தது.

பிளேன்ரீ. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோப்பையை வைக்கிற சாக்கில் சுற்றிப் பார்த்தாள். படகுக்குக் காத்திருக்கும் கூட்டம், மீன் பெட்டி தள்ளுகிறவர்கள், ஓட்டோக்காரர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். எல்லார் கையிலும் போன்.

அவள் மூதூருக்கு அழைத்தாள். நானா ரிஷாத் முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"விட்டிட்டு வா றிஷானா. அட்டை வேற எடுக்கலாம். வேலையும் வேற பாக்கலாம். இது வெளிய வந்தா எங்கட பேர்தான் நாறும். அவன்ட பேர் ஆருக்குத் தெரியும்?"

"அதுதான் நானா. அவன்ட பேர் ஆருக்கும் தெரியாது. அந்தத் துணிவிலதான் கதைக்கிறான்."

"நான் சொல்றதைக் கேளு."

"பத்து வருசமாக் கேட்டனான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பொலிஸுக்கு அழைத்துச் சொன்னாள். இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள். அது யாருடையது என்று கம்பனியிடம் எழுதிக் கேட்க வேண்டும், இன்றைக்கே ஏலாது, அந்த இடத்துக்கு மட்டும் தனியாகப் போகவேண்டாம் என்றார்கள். நியாயமான பதில். ஆனால் இரண்டு மணிக்குக் காத்திருக்கத் தெரியாது.

புஸ்பராணி அடுப்பைத் தணித்தாள். "நான் வாறன் உன்னோட. இந்த வெந்நீர்க் கேத்தலையும் கொண்டு வாறன்."

"எங்களைக் கண்டா ஓடிருவான் அக்கா. அட்டையும் போயிரும்." றிஷானா எழுந்தாள். "அவன் இந்தச் சுத்துவட்டாரத்துக்குள்ளதான் நிக்கிறான். என்னைக் காணுறான், எனக்கு அவனைக் காண ஏலாது. அவ்வளவுதானே?"

அப்போதுதான் கடைக்குப் பின்னால் போகும் ஒழுங்கையிலிருந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ ஒருவரின் ஜனாஸா அறிவித்தல். இறந்தவர் யார், யாருடைய தகப்பன், அடக்கம் எப்போது. மீன் பெட்டி தள்ளியவர்கள் நின்று கேட்டார்கள். ஓட்டோக்காரர்கள் பாட்டைக் குறைத்தார்கள். படகில் ஏறப்போனவர்களும் காதைத் திருப்பினார்கள்.

றிஷானா அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பியதைப் பார்த்தாள். விறுவிறுவென்று ஒழுங்கைக்குள் நடந்தாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஹிஸ்புல்லா ஒலிவாங்கியைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். அவள் வெளிக் கதவருகில் நின்று சலாம் சொல்லி விஷயத்தைச் சொன்னாள்.

"பேர்ஸ் தவறினதெண்டு சொல்லலாம் மகள். ஆட்டுக்குட்டி தவறினதுக்கே சொல்லியிருக்கிறம். ஆனா ஒருத்தர்ட போன் நம்பரை..." தாடியைத் தடவினார். "அது வேற ஒரு அப்பாவிட நம்பரா இருந்தா? பிறகு, உங்கட பேர். பொம்பிளைப் பேரை ஒலிபெருக்கியில கூவுறதா?"

"கலியாணம் முடிச்சு விட்டிட்டுப் போனவன் என்ட பேரை ஊர் முழுக்கக் கூவினவன்தான் மாமா. இன்டைக்கு நல்ல விஷயத்துக்கு வரட்டும்."

"இருந்தாலும்..."

றிஷானா மேற்கொண்டு வாதாடவில்லை. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்த இலக்கத்தை அழுத்தி அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"என்ன, பிளேன்ரீ முடிஞ்சுதோ?" என்றது குரல். "எங்க ஆளைக் காணேல்ல? வெக்கப்படாதீங்க. புருஷன் இல்லாத ஆள்தானே, உங்களைத் தேட ஆர் இருக்கினம்? மூதூர்ல நானும் கேள்விப்பட்டனான். அந்தக் கறுத்த அபாயாவைப் போட்டு வெயிலுக்க நிண்டு வேகாம..."

அதற்கு மேல் சொன்னதை எழுத வேண்டியதில்லை. மோதினாரின் காதுமடல் சிவந்தது. அவர் கையை நீட்டிப் போனை வாங்கி, தானே அணைத்தார்.

"அந்த இலக்கத்தை எழுதித் தாங்க."

"பேரும் வாசியுங்கோ மாமா. வாப்பாட பேரோட."

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. கடற்கரை வரைக்கும் குரல் போனது.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஓர் அறிவித்தல். மூதூரைச் சேர்ந்த மர்ஹூம் றம்ஸான் அவர்களின் மகள் றிஷானாவின் பச்சை நிறப் பேர்ஸ் இன்று காலை இறங்குதுறையில் தவறியுள்ளது. அதை எடுத்தவர் திருப்பிக் கொடுக்காமல், அந்தப் பெண்ணைத் தனியாக வரும்படி அழைத்துக்கொண்டிருக்கிறார். அவர் இப்போது இறங்குதுறைப் பக்கத்தில்தான் நிற்கிறார். அவர் பேசுகிற தொலைபேசி இலக்கம் வருமாறு."

ஜனாஸா நேரம் சொல்கிற அதே நிதானத்தோடு ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். பிறகு, கேட்காதவர்களுக்காக, மீண்டும் ஒரு முறை.

றிஷானா ஒழுங்கையால் ஓடி இறங்குதுறைக்கு வந்தபோது அங்கே ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் போனைக் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். முதலில் அழுத்தியவள் புஸ்பராணி.

"எனக்கு மாசா மாசம் இலவச நிமிசம் வந்து வீணாத்தான் போகுது" என்றாள் பக்கத்தில் நின்றவரிடம். "இன்டைக்கு ஒரு புண்ணியத்துக்குப் போகட்டும்."

"பிஸி எண்டு சொல்லுது" என்றார் மீன்காரர்.

"விடாத. திரும்ப அடி."

மூதூருக்குப் போகும் படகு புறப்படத் தயாராக இருந்தது. எஞ்சின் இன்னும் உயிர் பெறவில்லை. அந்த அமைதிக்குள், படகின் நடுவிலிருந்து ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. படகில் குழந்தை எதுவும் இல்லை.

சிரிப்பு நின்றது. மறுபடி தொடங்கியது. நின்றது. மறுபடி.

நீலச் சட்டைக்காரர் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். பொத்தான் போன். நிறுத்த நிறுத்த அடுத்த அழைப்பு. அணைக்க விட்டால்தானே. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி தள்ளி உட்கார்ந்தாள். எதிரே இருந்தவள் தன் போனை அழுத்தி, காதில் வைக்காமல், அவருடைய பையையே பார்த்தாள். குழந்தை சிரித்தது.

"படகை எடுங்கோ, நேரம் போகுது" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

படகோட்டி கயிற்றை அவிழ்க்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். "முதல் உங்கட பிள்ளை சிரிச்சு முடியட்டும்."

றிஷானா படகில் குதித்தாள். இந்த முறை யாருடைய கையையும் பிடிக்கவில்லை.

"பேர்ஸைத் தாங்க."

"தங்கச்சி, நான் கண்டெடுத்து உங்களுக்குத் தரத்தான்..."

"தங்கச்சி இல்ல. றிஷானா. இப்பதானே வாசிச்சவங்க. தாங்க."

சட்டைக்குள்ளிருந்து பச்சைப் பேர்ஸ் வெளியே வந்தது. அட்டை இருந்தது. உம்மென்று அவளைப் பார்த்தது.

கூட்டத்தில் ஒருவர், "சாமான் கிடைச்சிட்டுதானே, விடுங்க புள்ள. மனிசன் குடும்பகாரன் போல" என்றார்.

றிஷானா அவர் பக்கம் திரும்பினாள். "என்னை விட்டானா? இவனைப் பொலிஸ் பாக்கட்டும். எனக்கு இரண்டு மணிக்கு வேலை இருக்கு. முடிச்சுக்கொண்டு வந்து கையெழுத்து வைப்பன். அதுக்கிடையில ஆராவது விட்டா, விட்டவர்ட நம்பரையும் பள்ளிவாசல்ல வாசிக்கச் சொல்லுவன்."

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் யாருக்கும் இரக்கம் வரவில்லை. புஸ்பராணி கேத்தலோடு படகின் முனையில் வந்து உட்கார்ந்தாள். "நீ போ பிள்ளை. பொலிஸுக்கு நான் அடிக்கிறன். அவங்கள் வாற வரைக்கும் இவர் அசைஞ்சா வெந்நீர் இருக்கு. பால் சேர்க்காதது."

துறைமுக வாசலில் காவலாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கதவைத் திறந்தார்.

நேர்முகப் பரீட்சை நடத்த மூவர் இருந்தார்கள். களஞ்சியத்தில் சரக்கு எப்படி அடுக்குவது, எது முதலில் வெளியே போக வேண்டும் என்று ஒருவர் கேட்டார். பதில் சொன்னாள். நடுவில் இருந்தவர் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டி, பெயரில் விரலை வைத்து நின்றார்.

"பள்ளி ஒலிபெருக்கியில சொன்ன றிஷானா... நீங்களோ?"

"ஓம் சேர்."

"ஊரே கேட்டிருக்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க வேலை செய்யிறது எல்லாம் ஆம்பிளைகள். ஒரு பிரச்சினை வந்தா பெண்கள் கொஞ்சம் அமைதியாப் போனா நல்லதெண்டு நினைக்கிறவங்களும் இருக்கினம். நீங்கள் என்ன சொல்லுறீங்க?"

ஒருவர் பேனாவை மூடினார். றிஷானா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வியர்வையில் அபாயா முதுகோடு ஒட்டியிருந்தது.

"அமைதியாப் போயிருந்தா இந்தக் கதிரையில இருக்கமாட்டன் சேர். உங்கட களஞ்சியத்தில ஒரு பெட்டி குறைஞ்சாலும் நான் இப்பிடித்தான் கத்துவன். அது வேணாமெண்டா இப்பவே சொல்லுங்க, பொலிஸில கையெழுத்து வச்சிட்டுப் படகுக்குப் போயிருவன். வேணுமெண்டா அடுத்த கேள்வியைக் கேளுங்கோ."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அடுத்த கேள்வியைக் கேட்டார்.