டம்ளரில் கரையாத மாத்திரை

எதையும் தண்ணீரில் போட்டுப் பார்த்த பிறகே நம்புவது இடைசெவல் ஊர் விவசாயி அய்யாத்துரையின் வழக்கம். பருத்தி விதை மிதந்தால் ஒதுக்கிவிடுவார். யூரியா மிச்சமின்றிக் கரைந்தால்தான் நிலத்தில் தூவுவார். முப்பது வருடமாகத் தண்ணீர் அவரிடம் பொய் சொன்னதில்லை.

மனைவி வெயிலுகந்தம்மாளுக்கு டாக்டர் புதிதாக ஒரு பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதிலொன்றை அய்யாத்துரை டம்ளர் தண்ணீரில் போட்டார். மறுநாள் காலையிலும் அது கூழாங்கல்லாய் அப்படியே கிடந்தது. நேரே மருந்துக்கடைக்குப் போனார்.

"ஏலே, போலி மாத்திரையா விக்க?" என்று நான்கு பேர் நிற்கையிலேயே கடைக்கார இசக்கிராஜாவைக் கேட்டுவிட்டார்.

"அது மெதுவா வேலை செய்யுத மாத்திரை அண்ணாச்சி."

"ஒரு நாளாச்சு, ஓரங்கூடத் தேயல. இதுக்கு மேலயும் மெதுவா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் ஊரார் தலைவலி மாத்திரைக்கும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறலானார்கள். இசக்கிராஜா மதியமே கடையைப் பூட்டத் தொடங்கினான்.

அய்யாத்துரையைக் குழப்பியவள் மனைவிதான். அவர் பேச்சைக் கேளாமல் அதே மாத்திரையை அவள் தினமும் விழுங்கி வந்தாள். நர்ஸ் பார்த்தபோது பிரஷர் இறங்கியிருந்தது.

"போலி மாத்திரை எப்படிட்டி கேக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? ஒங்க டம்ளருக்குப் பிரஷர் இல்ல போல."

கரையாத பொருள் உடம்பில் எப்படி வேலை செய்யும்? தண்ணீர் பொய்யா, நர்ஸின் கருவி பொய்யா? விடை தெரியாமல் சோறு இறங்கவில்லை. ஒரு மாத்திரையைத் தாளில் மடித்துக்கொண்டு, கோவில்பட்டியில் மருந்தியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் உறவுக்காரப் பெண் அமுதவள்ளியிடம் போனார்.

அவள் மாத்திரையைக் கண்ணாடித் தட்டில் இட்டு, நீரூற்றி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து அழைத்தாள்.

"இப்பப் பாருங்க மாமா."

மாத்திரையின் தோலில் கீறல்கூட இல்லை. ஆனால் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு துளை. புற்றின் வாயிலிருந்து எறும்புச் சாரை புறப்படுவது போல, அதிலிருந்து வெண்மையாக ஓர் இழை கசிந்து நீரில் கலந்துகொண்டிருந்தது.

"தோலு கரையாது மாமா. உள்ள போற தண்ணி, மருந்த அந்த ஓட்டை வழியா நாள் முழுக்க வெளிய தள்ளும். கடைசியில வெறுங்கூடு மிஞ்சும். நீங்க டம்ளர்ல பாத்தது அந்தக் கூடுதான்."

அய்யாத்துரை கண்ணை எடுத்தார்: வெறும் கல். மறுபடி வைத்தார்: கசியும் மருந்து. நான்கு முறை பார்த்தும் எந்தப் பார்வையைக் கடிந்துகொள்வது என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை ஊருக்குள் கோவில்பட்டி பஸ் வந்து நின்றதும் அதில் ஏறி, உட்கார்ந்திருந்த ஊராரைப் பார்த்துச் சொன்னார்.

"இசக்கிராஜா விக்கது போலின்னு சொன்னவன் நான்தான். அது நல்ல மாத்திரை. எனக்குத்தான் பாக்கத் தெரியல."

"அப்ப ஏன் கரையல?" என்றாள், மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருந்த முத்துத்தாய்.

"அது... கரையுது தாயி. ஆனா கரையல."

பஸ்ஸே சிரித்தது.

"எனக்கே முழுசா வெளங்கல. அவன் மேல தப்பில்லங்கது மட்டும் வெளங்கிட்டு."

"டிக்கெட் எடுக்கீங்களா, எறங்குதீங்களா?" என்றார் கண்டக்டர். அய்யாத்துரை இறங்கினார், பின்னாலேயே முத்துத்தாயும் இறங்கினாள்.

கடையில் இசக்கிராஜா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தப்பு என்னுதுதான் தம்பி. பஸ்ல சொல்லிட்டேன். இனி வீடு வீடாவும் போயிச் சொல்லுதேன்."

அவன் முத்துத்தாயின் சீட்டுக்காகக் கையை நீட்டினான்.